செல்லிலிருந்து செல்: செல் கோட்பாட்டின் மூன்றாவது வரி

செல் கோட்பாடு மூன்று வரிகளில் அடங்கிவிடும். உயிருள்ளவை எல்லாம் செல்களால் ஆனவை. உயிரின் அமைப்புக்கும் செயலுக்கும் அடிப்படை அலகு செல். எந்தச் செல்லும் ஏற்கெனவே இருந்த ஒரு செல்லிலிருந்தே தோன்றும். பள்ளியில் மூன்றையும் ஒரே மூச்சில் படித்துவிடுகிறோம். பக்கத்திலேயே ஷ்லைடன், ஷ்வான், விர்ஷோ என்று மூன்று பெயர்கள். மூவரும் ஒரே கட்சி, ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர் தொடர்ந்தார் என்றுதான் அதைப் படிக்கும்போது தோன்றும்.

நடந்தது வேறு. முதல் இரண்டு வரிகளைச் சொன்ன ஷ்லைடனும் ஷ்வானும் மூன்றாவது வரிக்கு நேர் எதிரான கருத்தை, படம் வரைந்து, விளக்கம் எழுதி, அச்சிட்டு வைத்தார்கள். அதைத் தகர்க்கப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. தகர்த்தவரின் பெயர் பல பாடநூல்களில் இல்லை. என் கணிப்பில் மூன்றாவது வரிதான் இந்தக் கோட்பாட்டின் முதுகெலும்பு. ‘எல்லாம் செல்களால் ஆனவை’ என்பதை நல்ல லென்ஸ் ஒன்று இருந்தால் பார்த்துச் சொல்லிவிடலாம். செல் எங்கிருந்து வருகிறது என்பதை அப்படிப் பார்த்துச் சொல்ல முடியாது. எதைப் பார்ப்பது, எப்போது பார்ப்பது, பார்க்கும் பொருளை எப்படிப் பதப்படுத்துவது என்பதெல்லாம் சரியாக அமைந்தால்தான் பதில் கிடைக்கும்.

தக்கையும் மிளகுத் தண்ணீரும்

ராபர்ட் ஹூக் 1665இல் வெளியிட்ட ‘மைக்ரோகிராஃபியா’வில் தக்கையைப் பற்றிய பகுதி சில பக்கங்கள்தான். அதில் செய்முறை துல்லியமாக இருக்கிறது. சவரக்கத்தி போலத் தீட்டிய பேனாக்கத்தியால் முதலில் தக்கையின் முகத்தை வழவழப்பாக்குகிறார். நுண்துளைகள் இருப்பது போலத் தெரிகிறது, உறுதியாகச் சொல்ல முடியவில்லை. பிறகு அதே முகத்திலிருந்து மிக மெல்லிய சீவல் ஒன்றை எடுக்கிறார். தக்கை வெளிர் நிறம் என்பதால் கறுப்புத் தட்டின் மேல் வைக்கிறார். ஒருபுறம் தட்டையாகவும் மறுபுறம் குவிந்தும் இருக்கும் கண்ணாடியால் ஒளியை அதன் மீது குவிக்கிறார். அப்போதுதான் அறைகள் தெரிகின்றன.

அடுத்து எண்ணுகிறார். ஓர் அங்குலத்தின் பதினெட்டில் ஒரு பங்கில் சுமார் 60 அறைகள். ஆக ஓர் அங்குலத்துக்கு 1,080. சதுர அங்குலத்துக்கு 11,66,400. கன அங்குலத்துக்கு 125 கோடியே 97 லட்சத்து 12 ஆயிரம். இந்தக் கணக்கை மில்லிமீட்டருக்கு மாற்றிப் பார்த்தால் ஓர் அறையின் அகலம் ஏறத்தாழ 23.5 மைக்ரான் வருகிறது. தக்கைச் செல்லுக்கு இன்றும் ஏற்கத்தக்க அளவு அது. விளக்கு வெளிச்சத்திலும் குறைபட்ட லென்ஸிலும் எடுத்த அளவு என்பதை நினைத்தால் அந்த மனிதர் மீது மரியாதை கூடுகிறது.

ஆனால் அவர் பார்த்தது இறந்த செல்களின் சுவர்களை. தக்கை முதிரும்போது உள்ளே இருந்த உயிர்ப்பொருள் அழிந்துவிடும். சுபெரின் என்ற மெழுகுப் பொருள் படிந்த சுவர் மட்டும் மிஞ்சும். பச்சைத் தாவரங்களில் அறைகளுக்குள் சாறு இருப்பதையும் ஹூக் கவனித்தார். இருந்தும் சாறு ஓடும் குழாய்களின் துண்டுகள் என்ற எண்ணத்திலேயே, ஓர் அறையிலிருந்து அடுத்த அறைக்கு வழி தேடிக்கொண்டிருந்தார். அந்த அறையே தனி உயிர் அலகு என்று நினைக்க அவருக்குக் காரணம் எதுவும் இருக்கவில்லை.

உயிருள்ள தனிச்செல்லைப் பார்த்தவர் டெல்ஃப்ட் நகரத்துத் துணி வணிகர் லேவன்ஹூக். அவருடைய கருவியில் ஒரே ஒரு சிறு லென்ஸ்தான். இன்று எஞ்சியிருக்கும் அவரது லென்ஸ்களில் சிறந்தது சுமார் 270 மடங்கு பெரிதாக்கிக் காட்டுகிறது. மிளகு ஏன் காரமாக இருக்கிறது என்று அறிய மிளகைத் தண்ணீரில் ஊறவைத்தார். காரத்துக்குக் காரணம் தெரியவில்லை. தண்ணீருக்குள் நீந்தும் உயிர்கள் தெரிந்தன. 1676 அக்டோபரில் அதை ராயல் சொசைட்டிக்கு எழுதினார். அவற்றில் பாக்டீரியாக்களும் இருந்தன என்பது இன்றைய கணிப்பு.

இத்தனை இருந்தும் அடுத்த 150 ஆண்டுகளுக்குப் பெரிய நகர்வு இல்லை. அதற்குக் காரணம் கருவி.

லென்ஸ் செய்த குழப்பம்

கண்ணாடி வழியே செல்லும்போது நீல ஒளி சிவப்பைவிடக் கூடுதலாக வளையும். ஆகவே ஒரே லென்ஸில் ஒவ்வொரு நிறமும் ஒவ்வொரு தூரத்தில் குவியும், பார்க்கும் பொருளைச் சுற்றி வானவில் விளிம்பு கட்டும். இது நிறப்பிறழ்ச்சி. லென்ஸின் ஓரத்தில் நுழையும் கதிரும் நடுவில் நுழையும் கதிரும் ஒரே புள்ளியில் சேராதது கோளப்பிறழ்ச்சி. இரண்டு மூன்று லென்ஸ்களை அடுக்கும் கூட்டு நுண்ணோக்கியில் இந்தப் பிழைகளும் சேர்ந்தே பெருகும். ஓரக் கதிர்களைத் தடுக்கத் துளையைச் சுருக்கினால் வெளிச்சம் குறையும். கூடவே, ஒளி விளிம்புகளில் வளைந்து பரவும் விளிம்புவிளைவால் ஒவ்வொரு சிறு பொருளைச் சுற்றியும் வளையங்கள் தோன்றும்.

இது வெறும் அசௌகரியமாக நிற்கவில்லை, ஒரு தவறான கோட்பாட்டையே பெற்றெடுத்தது. 1823இல் பிரான்சின் ஆன்ரி மில்ன்-எத்வார், விலங்குத் திசுக்கள் எல்லாமே மில்லிமீட்டரில் முந்நூறில் ஒரு பங்கு அளவுள்ள உருண்டைகளால் ஆனவை என்று எழுதினார். தசை, நரம்பு, தோல் எதை எடுத்தாலும் அதே உருண்டை, அதே அளவு. உண்மையில் அவை ஒளியின் வேலை. இன்றும் பள்ளி மைக்ரோஸ்கோப்பில் இதைச் செய்து பார்க்கலாம். மேடைக்குக் கீழே இருக்கும் ஐரிஸ் துளையை முழுக்க மூடுங்கள். தூசியும் நாரும் எல்லாமே கறுப்பு விளிம்புள்ள மணிகளாக மாறும். துளையைப் படிப்படியாகத் திறந்தால் மணிகள் கரைந்து மெய்யான வடிவம் வரும்.

லண்டன் மது வணிகர் ஜோசப் ஜாக்சன் லிஸ்டர் இதைச் சரிசெய்தார். கிரௌன், ஃப்ளின்ட் என்ற இருவகைக் கண்ணாடிகளைச் சேர்த்த இணைலென்ஸ்கள் நிறப்பிறழ்ச்சியைக் குறைக்கும் என்பது அதற்கு முன்பே தெரியும். ஒவ்வொரு இணைக்கும் கோளப்பிறழ்ச்சி மறைகிற இரண்டு தூரங்கள் உண்டு என்று அவர் கண்டுபிடித்தார். அந்தக் கணக்கின்படி இணைகளை அடுக்கினால், ஒன்றின் பிழை மற்றொன்றின் பிழையை நீக்கிவிடும். 1830இல் இதை வெளியிட்டார். அதற்கு மூன்று ஆண்டு முன்பே, 1827இல், தாமஸ் ஹாட்ஜ்கினுடன் சேர்ந்து திசுக்களைப் பார்த்து ‘உருண்டைகள்’ இல்லை என்று காட்டியிருந்தார். சிவப்பணு இருபுறமும் குழிந்த வட்டத் தட்டு என்பதும் அந்தக் கட்டுரையில்தான் தெளிவானது.

நல்ல லென்ஸ் வந்ததும் செய்திகள் வரிசைகட்டின. 1831இல் ராபர்ட் பிரவுன் ஆர்க்கிட் இலையின் மேல்தோலில் ஒவ்வொரு செல்லிலும் வட்டமான ஒரு பகுதி இருப்பதை லின்னேயன் சொசைட்டியில் விளக்கினார். அதுதான் உட்கரு. 1832இல் துமோர்த்தியே, 1835இல் ஹூகோ ஃபான் மோல், இருவரும் நீளிழைப் பாசிகளில் ஒரு செல் குறுக்குச் சுவர் எழுப்பி இரண்டாகப் பிரிவதைக் கண்டார்கள். மூன்றாவது வரியின் முதல் சான்று அப்போதே கையில் இருந்தது. பாசிக்கு மட்டும் உரிய விசேஷம் என்று பலர் அதை ஒதுக்கிவிட்டார்கள்.

இளநீரும் ஷ்லைடனின் பிழையும்

ஷ்லைடன் சட்டம் படித்து, வழக்கறிஞராக இருந்து, பிறகு தாவரவியலுக்கு வந்தவர். 1838இல் அவர் எழுதிய கட்டுரையின் மையக் கேள்வி, தாவரச் செல் எப்படி உண்டாகிறது என்பது. அவர் சொன்ன பதில்: செல்லுக்குள் இருக்கும் கோந்து போன்ற திரவத்தில் முதலில் சிறு மணி ஒன்று திரள்கிறது. அதைச் சுற்றி உட்கரு படிகிறது. உட்கரு முழு அளவை எட்டியதும் அதன் மீது மெல்லிய குமிழ் ஒன்று, கைக்கடிகாரத்தின் மேல் கண்ணாடி உட்கார்ந்திருப்பது போல, எழும்புகிறது. குமிழ் வளர்ந்து செல்லாகிறது. உட்கரு அதன் ஓர் ஓரத்தில் ஒட்டிக்கொள்கிறது.

இதை முற்றும் கற்பனை என்று தள்ளிவிட முடியாது. அவர் தேர்ந்தெடுத்த பொருள் விதைக்குள் உருவாகும் கருவூண் திசு, அதாவது வளரும் கருவுக்கு உணவாகும் பகுதி. பல தாவரங்களில் இந்தத் திசு விசித்திரமாக வளரும். முதலில் உட்கருக்கள் மட்டும் பிரிந்து பிரிந்து பெருகும், இடையில் சுவர் எழாது. ஒரே பெரிய அறையில் ஏராளமான உட்கருக்கள் மிதக்கும். பிறகுதான் அவற்றுக்கிடையே சுவர்கள் எழுந்து செல்கள் தனித்தனியாகும். நமக்கு நன்கு தெரிந்த எடுத்துக்காட்டு தேங்காய். இளநீர் என்பது உட்கருக்கள் மிதக்கும் திரவக் கருவூண். ஓட்டின் உட்புறம் வழுக்கையாகப் படிவது, அதே கருவூண் சுவர் எழுப்பிச் செல்களான பகுதி. இப்படிப்பட்ட ஓரிடத்தை, சாயம் ஏற்றாமல், 1838ஆம் ஆண்டு லென்ஸில் பார்ப்பவருக்கு ‘முதலில் உட்கரு, பிறகு அதைச் சுற்றிச் செல்’ என்றுதான் தோன்றும். பார்த்ததில் பாதி சரி. உட்கருவே திரவத்திலிருந்து திரள்கிறது என்ற மீதிப் பாதியில்தான் தடம் மாறினார். விதிவிலக்கான ஒரு திசுவில் கண்டதைத் தாவர உலகம் முழுவதற்கும் விதியாக்கியது அடுத்த பிழை.

ஷ்வான் அப்போது பெர்லினில் யோஹானஸ் முல்லரின் உதவியாளர். 1836லேயே பெப்சின் நொதியைக் கண்டறிந்தவர். 1837இல் ஓர் இரவு உணவின்போது ஷ்லைடன் தாவர உட்கருவைப் பற்றிப் பேச, தவளைத் தலைப்பிரட்டையின் முதுகுநாணில் அதே போன்ற அமைப்பைத் தாம் கண்டது ஷ்வானுக்கு நினைவு வந்தது. இருவரும் எழுந்து போய் நுண்ணோக்கியில் பார்த்தார்கள் என்று ஷ்வானே பின்னாளில் சொல்லியிருக்கிறார். முதுகுநாணையும் குருத்தெலும்பையும் அவர் முதலில் எடுத்ததற்குக் காரணம் உண்டு. விலங்குச் செல்லுக்குச் சுவர் கிடையாது, எல்லை மங்கலாகவே தெரியும். இந்த இரண்டு திசுக்களில்தான் எல்லைகள் தாவரத்தில் போலத் தெளிவாக இருக்கும். 1839இல் வெளிவந்த அவரது நூல் அங்கிருந்து தொடங்கி, நகம், இறகு, பல், தசை, நரம்பு என்று ஒவ்வொன்றாக எடுத்து, இவை அனைத்தும் செல்லாக இருந்தவை அல்லது செல்லிலிருந்து உருவானவை என்று காட்டியது. தாவரத்தையும் விலங்கையும் ஒரே கூரையின் கீழ் கொண்டுவந்தது இந்த நூல். அந்தப் பெருமை முழுதும் அவருக்கு உரியது.

ஆனால் செல்லின் பிறப்பில் ஷ்வான், ஷ்லைடனையும் தாண்டிப் போனார். ஷ்லைடன் புதுச் செல் பழைய செல்லுக்குள் திரள்கிறது என்றார். ஷ்வானோ செல்களுக்கு வெளியே இருக்கும் திரவத்திலும், சர்க்கரைப் பாகில் கற்கண்டு படிவது போல, செல் படிகமாகத் திரளும் என்றார். குருத்தெலும்பில் செல்கள் ஒன்றையொன்று தொடாமல் இடைப்பொருளில் தனித்தனியே பதிந்திருப்பது இந்த எண்ணத்துக்குத் துணையாயிற்று. இதன் பின்னால் நேர்மையான நோக்கமும் இருந்தது. உயிரை ஆட்டுவிக்கும் தனி ‘உயிர்ச்சக்தி’ ஒன்றை முல்லர் போன்றவர்கள் நம்பிய காலம் அது. ஷ்வானுக்கு அது பிடிக்கவில்லை. உப்பு படிகமாவது போலச் செல்லும் பௌதிக விதிகளால் உருவானால், உயிர்ச்சக்திக்கு வேலையில்லாமல் போகும்.

ராபர்ட் ரெமாக்

இந்தக் கருத்தைத் தகர்த்தவர், 1815இல் போஸனில் பிறந்த போலந்து யூதர் ரெமாக். அவரும் முல்லரின் ஆய்வகத்தில் வளர்ந்தவர். மதம் மாற மறுத்ததால் பிரஷ்யப் பல்கலைக்கழகத்தில் பதவி கிடைப்பது கடினமாயிற்று. 1847இல்தான் பெர்லினில் விரிவுரை நடத்தும் உரிமை கிடைத்தது. 1859இல் துணைப் பேராசிரியர் ஆனார். முழுப் பேராசிரியர் ஆகாமலேயே 1865இல் இறந்தார்.

1841இல் கோழிக்கருவின் இரத்தத்தில் சிவப்பணுக்கள் இரண்டாகப் பிரிவதைக் கண்டார். பொருளின் தேர்வு இங்கே முக்கியம். பறவைகளின் சிவப்பணுவில் உட்கரு உண்டு. கருவில் அவை வேகமாகப் பெருகும். இரத்தத்தில் தனித்தனியாக மிதப்பதால் அண்டைச் செல் மறைக்காது. நடுவில் ஒடுங்கிய அணு, இரண்டு உட்கருக்கள் உள்ள அணு, மெல்லிய காம்பால் இணைந்த இரண்டு அணுக்கள் என்று பிரிதலின் கட்டங்கள் வரிசையாகக் கிடைத்தன. குருத்தெலும்பை எடுத்த ஷ்வானுக்கு இந்த வாய்ப்பு இல்லை.

அடுத்து அவர் எடுத்தது தவளை முட்டை. கருவுற்ற முட்டை இரண்டு, நான்கு, எட்டு என்று பிளவுபடுவது முன்பே தெரிந்த சங்கதி. ஆனால் அந்தத் துண்டுகள்தான் செல்களா, அல்லது வெறும் கருவுணவுக் கட்டிகளா, செல்கள் பிற்பாடு அவற்றுக்குள் திரள்கின்றனவா என்பதில் சண்டை. தவளை முட்டை ஒளிபுகாது, மென்மையானது, அறுத்தால் குழையும். ரெமாக் அதைப் பதப்படுத்தும் கரைசல்களில் போட்டுக் கெட்டியாக்கினார். அப்போது ஒவ்வொரு துண்டையும் சூழ்ந்த சவ்வு தெரிந்தது. முட்டையின் சவ்வே உள்நோக்கி மடிந்து புகுந்து துண்டுகளைப் பிரிக்கிறது என்றும் தெரிந்தது. முட்டையே ஒரு செல், துண்டுகளும் செல்கள், உடலின் எல்லாத் திசுக்களும் அந்தத் துண்டுகளின் வாரிசுகள். 1852இல் வெளியிட்ட கட்டுரையில், செல்லுக்கு வெளியே செல் தோன்றுகிறது என்பது உயிர்கள் தாமாகவே முளைக்கின்றன என்பதைப் போலவே தமக்கு நம்பத்தகாததாகப் படுகிறது என்று எழுதினார். 1855க்குள் முதுகெலும்பிகளின் வளர்ச்சி பற்றிய பெருநூலை முடித்தார். கருவின் மூன்று அடுக்குகள் என்று இன்று படிப்பதற்கும் அந்த நூல்தான் அடித்தளம்.

ஜெர்மன் மருத்துவர் விர்ஷோவும் 1850களின் தொடக்கம்வரை ஷ்வான் வழியில் திரவத்திலிருந்து செல் திரள்வதை நம்பியவர்தான். 1855இல் தம் ஆய்விதழில் ‘ஓம்னிஸ் செல்லுலா எ செல்லுலா’, ஒவ்வொரு செல்லும் ஒரு செல்லிலிருந்தே, என்று முழங்கினார். அந்த லத்தீன் தொடரும் புதிதல்ல. பிரான்சின் ராஸ்பைல் 1825லேயே அதைக் கட்டுரை முகப்பில் பயன்படுத்தியிருந்தார். ரெமாக்கின் பெயரை விர்ஷோ சொல்லவில்லை. ரெமாக் மனம் நொந்து அவருக்கே கடிதம் எழுதினார். 1858இல் பெர்லினில் மருத்துவர்களுக்கு விர்ஷோ நிகழ்த்திய 20 சொற்பொழிவுகள் நூலாக வந்து உலகெங்கும் பரவின. கொள்கையும் அவர் பெயரிலேயே நிலைத்தது.

விர்ஷோவுக்கு உரிய பங்கும் பெரியதுதான். நோய் என்பது உடல்திரவங்களின் கோளாறு என்றிருந்த மருத்துவத்தில், நோயுற்ற செல்லுக்கும் ஒரு தாய்ச்செல் உண்டு என்று அவர் நிலைநாட்டினார். புற்றுக்கட்டி எங்கிருந்தோ வந்து குடியேறியதல்ல, உடலின் சொந்தச் செல்லின் வழித்தோன்றல். எல்லாப் புற்றும் இணைப்புத் திசுவிலிருந்து எழுவதாக அவர் கருதியது மட்டும் தவறு. மேல்தோல் திசுவின் புற்று மேல்தோல் செல்லிலிருந்தே வருகிறது என்று 1860களில் டீர்ஷும் வால்டையரும் காட்டினார்கள். இன்று கல்லீரலில் ஒரு கட்டி இருந்தால், சதைத்துணுக்கு எடுத்துச் சாயமிட்டு, அது பெருங்குடலிலிருந்து பரவியதா, மார்பகத்திலிருந்து பரவியதா என்று நோய்க்குறியியலாளர் சொல்கிறார். ஒவ்வொரு செல்லும் தன் தாய்ச்செல்லின் புரத அடையாளங்களைச் சுமப்பதால்தான் அது முடிகிறது. அடுத்து எந்த மருந்து என்பதும் அந்தப் பதிலைப் பொறுத்தது.

ஏன் கண்ணில் படவில்லை

செல் பிரிவதுதான் உண்மை என்றால், இத்தனை கூர்மையான கண்கள் அதை ஏன் தவறவிட்டன? வெங்காய வேர்நுனியை நீங்களே தயாரித்துப் பார்த்தால் விடை கிடைக்கும். கல்லூரி ஆய்வகத்தில் செய்யக்கூடியதுதான்.

பழைய வேர்களை நறுக்கிய வெங்காயத்தை, அடிப்பகுதி மட்டும் தண்ணீரில் படும்படி கண்ணாடிக் குவளையின் வாயில் வையுங்கள். இரண்டு மூன்று நாளில் புது வேர்கள் 1 முதல் 2 செ.மீ. வளரும். காலை நேரத்தில் நுனியை வெட்டி, எத்தனால் 3 பங்கு, அடர் அசெட்டிக் அமிலம் 1 பங்கு சேர்ந்த கலவையில் ஒரு நாள் வையுங்கள். இது செல்லை இருந்த நிலையிலேயே நிறுத்திவிடும். பிறகு 60 டிகிரி செல்சியஸில் 1 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் 5 முதல் 10 நிமிடம். செல்களை ஒட்டிவைத்திருக்கும் பெக்டின் இதில் கரையும். தண்ணீரில் அலசி, நுனியில் 1 முதல் 2 மி.மீ. மட்டும் ஸ்லைடில் வைத்து, அசெட்டோகார்மைன் அல்லது அசெட்டோ-ஆர்சின் ஒரு சொட்டு விட்டுச் சில நிமிடம் காத்திருங்கள். கவர் ஸ்லிப்பை மூடி, வடிதாளை மடித்து மேலே வைத்து, கட்டைவிரலால் நேராக அழுத்துங்கள்.

பெரும்பாலும் தவறுவது வெட்டும் இடத்தில். அரை சென்டிமீட்டர் எடுத்தால் அதில் பெரும்பகுதி நீண்டு முதிர்ந்த செல்கள், அவை பிரிவதில்லை. அமிலத்தில் போதிய நேரம் வைக்காவிட்டால் செல்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்டியாக நிற்கும். அதிக நேரம் வைத்தால் சாயம் பிடிக்காது, நுனி கூழாகும். அழுத்தும்போது கவர் ஸ்லிப் பக்கவாட்டில் நகர்ந்தால் செல்கள் உருண்டு சுருளும். காற்றுக் குமிழ் நுழைந்தால் தடித்த கறுப்பு விளிம்புள்ள கச்சிதமான வட்டமாகத் தெரியும். புதிதாகப் பார்க்கும் மாணவர்கள் அதையே செல் என்று வரைவது வழக்கம். முதலில் குறைந்த உருப்பெருக்கத்தில் சதுரமான, நெருக்கமான, உட்கரு பெரிதாக உள்ள செல்களைத் தேடுங்கள். அங்கேதான் பிரிதல் நடக்கும். 40 மடங்கு பொருளருகு லென்ஸுக்கு மாறியதும் அளவையும் கணக்கிடலாம். கண்ணருகு லென்ஸில் 18 என்று புல எண் பொறித்திருந்தால், 18ஐ 40ஆல் வகுத்துப் புலத்தின் விட்டம் 0.45 மி.மீ. என்று தெரிந்துகொள்ளலாம்.

எல்லாம் சரியாக அமைந்த ஸ்லைடிலும் பெரும்பான்மைச் செல்கள் பிரியாத நிலையில்தான் இருக்கும். பல மணி நேரம் நீளும் செல் சுழற்சியில், உட்கருவுக்குள் பரம்பரைப் பொருளைச் சுமக்கும் இழைகளான குரோமோசோம்கள் தெரியும் கட்டம் சிறு பங்கு. அந்தக் கட்டத்தில் உட்கருவின் உறை மறைந்துவிடும். சாயம் இல்லாவிட்டால் குரோமோசோம்கள் சுற்றியுள்ள திரவத்திலிருந்து பிரித்தறிய முடியாத அளவு ஒளிபுகக்கூடியவை. ஆகவே சாயமின்றிப் பார்த்தவர்களுக்கு உட்கரு கரைந்து காணாமல் போனதாகவும், சற்றுத் தள்ளி இரண்டு புது உட்கருக்கள் வெறும் திரவத்திலிருந்து திரண்டதாகவும் தெரிந்தது. ஷ்லைடன் சொன்னதற்கு இதுவே சாட்சியமாகவும் ஆனது.

அனிலின் சாயங்கள் வந்த பிறகு இந்த இடைவெளி நிரம்பியது. வால்தர் ஃப்ளெமிங், செல்லும் குரோமோசோமும் பெரிதாக உள்ள சாலமாண்டர் இளம்புழுவைத் தேர்ந்தெடுத்தார். சாயமிட்ட இறந்த செல்களை வரிசைப்படுத்தியதோடு நிற்கவில்லை, உயிருள்ள செல்லிலும் அதே வரிசை நடக்கிறதா என்று பார்த்துச் சரிபார்த்தார். 1882இல் அவர் வெளியிட்ட நூலில் மைட்டாசிஸ் என்ற இந்தப் பிரிதல் முறையின் விளக்கம் முழுமையான வடிவம் பெற்றது. இழைகள் நீளவாக்கில் பிளந்து இரு பக்கமும் சரிபாதியாகப் போகின்றன. உட்கருவும் உட்கருவிலிருந்தே வருகிறது. பரம்பரை எங்கே இருக்கிறது என்ற கேள்விக்கு வழி திறந்ததும் இந்த ‘சரிபாதி’தான்.

கொதித்தும் சாகாதவை

செல் செல்லிலிருந்தே வரும் என்றால், மூடிக் கொதிக்கவைத்த சாற்றில் கிருமி தோன்றக்கூடாது. 1860ஐ ஒட்டிய ஆண்டுகளில் பாஸ்டர், கழுத்தை அன்னம் போல வளைத்து நீட்டிய குடுவைகளில் ஈஸ்ட் சாற்றைக் கொதிக்கவிட்டுக் காட்டினார். காற்று உள்ளே போகும், தூசி வளைவில் தங்கிவிடும். சாறு தெளிவாகவே இருந்தது. ஆனால் உயிர் தானாகவே தோன்றும் என்று வாதிட்டு, வைக்கோல் ஊறிய நீரில் சோதித்த பூஷேவுக்குக் கொதித்த பிறகும் கிருமி வளர்ந்தது. அவர் கவனக்குறைவாகச் செய்யவில்லை. வைக்கோலில் வாழும் பேசில்லஸ் சப்டிலிஸ், வெப்பம் தாங்கும் ஸ்போர்களாக மாறும் என்று ஃபெர்டினாண்ட் கோன் 1876இல் விளக்கினார். சாதாரணக் கொதிநிலை அவற்றைக் கொல்லாது. ஆறவிட்டு முளைக்க இடம் கொடுத்து, அடுத்த நாளும் அதற்கடுத்த நாளும் மீண்டும் சூடாக்கினால் சாகும் என்று 1877இல் டிண்டல் காட்டினார். இன்று ஆட்டோகிளேவில் அழுத்தத்தின் கீழ் 121 டிகிரியில் 15 நிமிடம் வைப்பதும் அதே ஸ்போர்களுக்காகத்தான்.

விலங்கு உடலில் கடைசியாக எதிர்த்து நின்றது நரம்பு. மூளையின் இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிய தொடர்வலை, அங்கே தனிச்செல் என்ற பேச்சுக்கே இடமில்லை என்று கோல்ஜி வாதிட்டார். 1873இல் அவரே கண்டுபிடித்த வெள்ளிச் சாயமுறை, ஏதோ காரணத்தால், சில செல்களை மட்டும் முழுமையாகக் கறுப்பாக்கும். அதே சாயத்தைக் கொண்டு, இழைகள் இன்னும் அடர்ந்து வளராத இளம் கருக்களின் மூளையை எடுத்து, காஹால் நரம்புச் செல்கள் தனித்தனி என்று காட்டினார். 1906இல் இருவருக்கும் சேர்த்தே நோபல் பரிசு. கோல்ஜி அந்த மேடையிலும் எதிர்வாதம்தான் செய்தார். 1950களில் எலெக்ட்ரான் நுண்ணோக்கி, இரு நரம்புச் செல்களுக்கு இடையே சுமார் 20 நானோமீட்டர் இடைவெளியைக் காட்டியபோது விவகாரம் முடிந்தது. ஒளி நுண்ணோக்கியின் பகுதிறன் எல்லை சுமார் 200 நானோமீட்டர் என்பதால், அதுவரை யாராலும் அதைப் பார்த்திருக்க முடியாது.

விதிவிலக்குகள் என்று வகுப்பில் பட்டியலிடுபவற்றில் பல, முதல் இரண்டு வரிகளைத்தான் சற்று அசைக்கின்றன. எலும்புத்தசை நாரில் பல உட்கருக்கள் இருக்கும், ஆனால் அது பல தசைமுன்செல்கள் இணைந்து உருவானது. காலர்ப்பா என்ற கடற்பாசி ஒரு மீட்டரைத் தாண்டி வளர்ந்தாலும் உள்ளே குறுக்குச் சுவர் இல்லை. நம் சிவப்பணுவில் உட்கரு இல்லை, அது 120 நாள் வாழ்ந்து, பிரியாமலே அழியும். வைரஸ் செல்லே அல்ல, பெருகுவதற்கு ஒரு செல் வேண்டும். இவற்றில் எதுவும் மூன்றாவது வரியை மீறவில்லை. மீறியாக வேண்டியது ஒன்றே ஒன்று: 350 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு தோன்றிய முதல் செல்.

மூன்றாவது வரி செல்லுக்குள்ளேயும் செல்லுபடியாகிறது. செல்லுக்கு ஆற்றல் தரும் உள்ளுறுப்பான மைட்டோகாண்ட்ரியா இல்லாத ஒரு செல்லால் அதைப் புதிதாகக் கட்ட முடியாது. இருக்கும் மைட்டோகாண்ட்ரியா வளர்ந்து பிரிந்தால்தான் அடுத்தது. அதற்குச் சொந்த டி.என்.ஏ. உண்டு. மனிதரில் அதன் நீளம் 16,569 கார இணைகள் (டி.என்.ஏ.வின் எழுத்து இணைகள்), அதில் 37 மரபணுக்கள். ஒருகாலத்தில் தனித்து வாழ்ந்த பாக்டீரியா இன்னொரு செல்லுக்குள் புகுந்து தங்கியதே இது என்ற கருத்தை 1967இல் லின் மார்குலிஸ் விரிவாக முன்வைத்தார். இன்று அது பாடநூல் செய்தி.

2010இல் கிரெய்க் வென்டரின் குழு, சுமார் 10.8 லட்சம் கார இணைகள் கொண்ட, மைக்கோபிளாஸ்மா என்ற பாக்டீரியாவின் மரபுத்தொகுதியை முழுவதும் செயற்கையாகத் தொகுத்து உயிர்ப்பித்தது. ‘செயற்கை உயிர்’ என்று செய்திகள் வந்தன. ஆனால் அந்த மரபுத்தொகுதியை வைக்க, நெருங்கிய உறவுள்ள இன்னொரு மைக்கோபிளாஸ்மாவின் உயிருள்ள செல் தேவைப்பட்டது. சவ்வும், புரதம் தயாரிக்கும் ரைபோசோமும் அந்தத் தாய்ச்செல் கொடுத்தவை. 2016இல் மரபணுக்களை 473ஆகக் குறைத்து இன்னொரு வடிவம் செய்தார்கள். அவற்றில் 149இன் வேலை என்னவென்று அப்போது தெரியவில்லை. அந்தச் செல் உயிரோடு வளர்ந்தது, ஆனால் ஒழுங்காகப் பிரியவில்லை, வெவ்வேறு அளவிலும் வடிவிலும் மகள் செல்களை உண்டாக்கியது. நீக்கியவற்றில் 19 மரபணுக்களைத் திரும்பச் சேர்த்ததும் பிரிதல் சீரானது. 2021இல் வெளியான ஆய்வு, அந்த 19இல் சீரான பிரிதலுக்குத் தேவையானவை 7 என்று பிரித்துக் காட்டியது. இரண்டு, செல் பிரிதலுக்கு உரியவை என்று முன்பே தெரிந்தவை. ஒன்று ஒரு நொதி, அது எந்தப் பொருளின் மீது வேலை செய்கிறது என்று தெரியாது. மீதி நான்கும் சவ்வோடு தொடர்புடைய புரதங்களைத் தருகின்றன. அந்தப் புரதங்கள் என்ன செய்கின்றன என்பது அந்த ஆய்வு வெளிவந்தபோது யாருக்கும் தெரியாது.